5.1 ரீமிக்ஸா, ஸ்டீரியோவா? பழைய ப்ராக் ராக் ஆல்பங்களுக்கு எதுல காசு போடலாம்

கோத்தகிரி_சாரல்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு இருக்கேன், கேள்வின்னு கேக்கறது இப்பத்தான்.

எனக்கு எழுபதுகளோட ப்ராக்ரெஸிவ் ராக்னா உயிரு. யெஸ், கிங் க்ரிம்சன், ஜெத்ரோ டல், ஜெனிசிஸ், பிங்க் ஃப்ளாய்டு எல்லாம் காலேஜ் காலத்துல இருந்து கேக்கறது, எல்லாமே சாதா சிடியிலதான், ஒரு ஸ்டீரியோ ஆம்ப், ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். போன மாசம் குன்னூர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருந்தேன், அவரு 5.1 செட்டப் (முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர், கூட ஒரு சப்வூஃபர்) வெச்சிருக்காரு, பழைய ஆல்பங்கள புதுசா மிக்ஸ் பண்ற ஸ்டீவன் வில்சன் 2013ல பண்ணுன யெஸ்ஸோட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ப்ளூரேய போட்டு விட்டாரு. ஆரம்பத்துல அந்தப் பறவைச் சத்தமும் தண்ணிச் சத்தமும் நாலு பக்கமும் சூழ்ந்து ஏறி வருது பாருங்க, அங்கயே புல்லரிச்சுருச்சு. ஆனா பேண்டு உள்ள வந்ததுக்கப்புறம் ஒரு மாதிரி குழப்பமாயிருச்சு. கோரஸ் குரல் கொஞ்சம் பின்னாடி இருந்து வருது, கீபோர்டு ஒரு ஓரமா பின்னாடி நிக்குது, எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு அது, ஒரே அலையா மேல வந்து விழும், அந்த வேகம் இங்க பிரிஞ்சு போன மாதிரி தோணுச்சு. அப்புறம் அதே டிஸ்க்ல புது ஸ்டீரியோ மிக்ஸ் போட்டோம், அதுல வேகமும் இருந்துச்சு தெளிவும் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து என் பழைய சிடிய போட்டா போர்வைக்குள்ள இருந்து கேக்கற மாதிரி ஆயிருச்சு.

இப்ப கையில கொஞ்சம் காசு சேந்திருக்கு. ரிசீவர் (சரவுண்டு ஆம்ப்), இன்னும் மூணு ஸ்பீக்கர், சப்வூஃபர்னு 5.1க்கே போயிடலாமா, இல்ல இருக்கற ஸ்டீரியோவயே நல்லதா மாத்திட்டு புது ஸ்டீரியோ மிக்ஸ் டிஸ்க் மட்டும் வாங்கலாமா? ரூம் 12க்கு 16 அடி, பழைய கல்லு வீடு, மரத்தளம், மேல தகர ஷீட். ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சா எதுவுமே கேக்காது, மத்த நாளு ராத்திரி ஊசி விழுந்தா கேக்கும். இன்னொன்னு, ரெண்டுத்துல எது 'சரியான' ஆல்பம்னு நீங்க நெனைக்கறீங்க? அதுதான் மனசுல ஓடிட்டே இருக்கு.

வட்டக்கானல்_வாசி:

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க, கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

நீங்க அன்னைக்கு ஒப்பிட்டது ரெண்டு சேனலுக்கும் ஆறு சேனலுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்த மட்டும் இல்ல, அதுக்குள்ள இன்னொரு வித்தியாசமும் கலந்திருக்கு. உங்க பழைய சிடியில இருக்கறது 1972ல சவுண்டு எஞ்சினியர் எடி ஆஃபர்டும் பேண்டும் அட்விஷன் ஸ்டுடியோவுல உக்காந்து பண்ணுன மிக்ஸ், அத யாரோ பின்னாடி ரீமாஸ்டர் பண்ணிருப்பாங்க, அதாவது முடிஞ்ச ரெண்டு ட்ராக் டேப்ப எடுத்து ஈக்யூ, லெவல் எல்லாம் தொட்டு விடறது. வில்சன் பண்ணுனது ரீமிக்ஸ். அவர் மல்ட்டிட்ராக் டேப்புக்கே போயிட்டாரு, ட்ரம்ஸ் தனி, பேஸ் தனி, குரல் தனின்னு எடுத்து முதல்ல இருந்து அடுக்குறாரு. கல்யாண க்ரூப் போட்டோ இருக்குல்ல, அத வெளிச்சம் கூட்டி மறுபடி ப்ரிண்ட் போடறது ரீமாஸ்டர்னா, அதே ஆளுகள மறுபடி வரிசையா நிக்க வெச்சு எடுக்கறது ரீமிக்ஸ். அதனாலதான் அந்தப் புது ஸ்டீரியோ உங்களுக்கு அவ்வளவு தெளிவா கேட்டுச்சு. சரவுண்டுக்கும் அந்தத் தெளிவுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது.

இந்த ஆல்பத்துல அது எவ்வளவு பெரிய வேலைன்னு யோசிங்க. பேண்டு 18 நிமிஷப் பாட்ட ஒரே மூச்சுல வாசிக்கல, துண்டு துண்டா பதிவு பண்ணி டேப்ப வெட்டி ஒட்டி செஞ்சாங்க. யெஸ்ஸோட கீபோர்டுக்காரர் ரிக் வேக்மன் வாசிக்கிற அந்த சர்ச் ஆர்கன் லண்டன்ல செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் சர்ச்சுல போய் எடுத்தது. ரீமிக்ஸ் பண்ற ஆளு அந்த வெட்டு ஒட்டு எல்லாத்தையும் மூலத்துல இருந்த அதே இடத்துல மறுபடி உண்டாக்கணும், ஒரு எக்கோ விட்டுப் போனாக்கூட நம்மள மாதிரி ஆளுகளுக்கு உடனே உறுத்தும். வில்சன் அதுல ரொம்ப கவனம், மூல மிக்ஸ பக்கத்துலயே ஓடவிட்டு ஒப்பிட்டுத்தான் பண்ணுவாரு, அதனாலதான் அவர் ஸ்டீரியோ மிக்ஸ் மேல எனக்கு இவ்வளவு மரியாதை.

சரவுண்டுக்கு வரேன். பின்னாடி இருந்து குரல் வர்றது இந்த இசைக்கு அந்நியம்னு நெனைக்காதீங்க. ஃப்ளாய்டு 1967 மே மாசமே லண்டன் குவீன் எலிசபெத் ஹால்ல அஸிமத் கோ-ஆர்டினேட்டர்னு ஒரு பெட்டிய வெச்சு, சத்தத்த அரங்கத்த சுத்தி ஓட விட்டாங்க. அவங்க 'டார்க் சைட்' ஆல்பத்துல 'டைம்' பாட்டுக்கு முன்னாடி கடிகாரம் எல்லாம் ஒண்ணா அடிக்குதே, அத எஞ்சினியர் ஆலன் பார்சன்ஸ் முதல்ல குவாட்ங்கற நாலு சேனல் ஒலிக்கான டெமோவுக்காகத்தான் பதிவு பண்ணி வெச்சிருந்தாரு. 1973லயே அவர் ஒரு குவாட் மிக்ஸும் பண்ணிட்டாரு, அது 2011ல இம்மெர்ஷன்ங்கற பெட்டி செட்டுல மறுபடி வெளிவந்துச்சு. நடுவுல 2003ல எஸ்ஏசிடியில (சரவுண்டும் வைக்கக்கூடிய உயர்தர சிடி) வந்த 5.1 ஜேம்ஸ் கத்ரி பண்ணுனது, 2023ல அட்மாஸும் (மேல இருந்தும் சத்தம் வர்ற சரவுண்டு) அவரேதான். குவாடயும் 5.1யும் அடுத்தடுத்து கேளுங்க, ஒரே டேப்பு, ஒரே பாட்டு, ரெண்டு பேரு காது. பார்சன்ஸ் துணிஞ்சு பின்னாடி தள்ளுவாரு. கத்ரி முன்னாடி இருக்கற மேடைய கலைக்காம சுத்தி காத்த மட்டும் நிரப்புவாரு. எனக்கு பார்சன்ஸ்தான் பிடிக்கும், கத்ரியோடது சமநிலையா இருக்குங்கிறத மறுக்க மாட்டேன்.

அதனால எது சரியான ஆல்பம்ங்கிறதுக்கு ஒரே பதில் சொல்ல முடியாது, டேப்போட யார் உக்காந்தாங்க, எத்தன அக்கறையா உக்காந்தாங்கன்னு ஆல்பம் ஆல்பமாத்தான் பாக்கணும். ஜெத்ரோ டல்லோட 'அக்வாலங்' எடுத்துக்கங்க. 1971ல வந்த ஆல்பம், ஐலண்டு கம்பெனியோட புது ஸ்டுடியோவுல பதிவு பண்ணாங்க, அந்த சவுண்டு பேண்டு தலைவர் இயன் ஆண்டர்சனுக்கே திருப்தி இல்ல. எத்தன தடவ ரீமாஸ்டர் பண்ணியும் அந்த மூக்கடைச்ச சத்தம் போகல. 2011ல வில்சன் ரீமிக்ஸ் பண்ணதுக்கு அப்புறந்தான் அக்கூஸ்டிக் கிடார் கிடாரா கேட்டுச்சு. அதுல நான் பழச தேடவே மாட்டேன், ஸ்டீரியோவா இருந்தாலும் சரி 5.1ஆ இருந்தாலும் சரி.

ஊட்டி_பாட்டரி:

வட்டக்கானல் ஐயா சொன்னதுல பாதிய ஒத்துக்கறேன், மீதிக்கு என் கருத்து வேற.

ரீமிக்ஸ்ங்கிறது எவ்வளவு அக்கறையா பண்ணாலும் அது இன்னொரு ஆளோட முடிவு. கிங் க்ரிம்சனோட 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' 1969ல வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவுல 8 ட்ராக் மெஷின்ல எடுத்தது. மெலட்ரானுக்கு (டேப்புல பதிஞ்ச வயலின், கோரஸ் சத்தத்த வாசிக்கற கீபோர்டு) மேல மெலட்ரான் அடுக்கணும்னா இருக்கறத கலந்து ஒரே ட்ராக்குக்கு இறக்கிட்டு இடம் பண்ணிக்கணும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் கொஞ்சம் சத்தம் மங்கும். 2009ல வில்சனும் அந்த பேண்டு தலைவர் ராபர்ட் ஃப்ரிப்பும் அந்த இறக்கத்துக்கு முந்தின டேப்பயெல்லாம் தேடி எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேத்துதான் மிக்ஸ் பண்ணாங்க, அதனால பழசுல இல்லாத தெளிவு வந்துருச்சு. அது பெரிய வேல, கும்பிடறேன். ஆனா 'எபிடாஃப்' பாட்டுல அந்த மெலட்ரான் ஒரு சுவரு மாதிரி க்ரெக் லேக் குரலுக்குப் பின்னாடி எழும்பி நிக்கறது எனக்கு அந்த மங்கலோட சேத்துத்தான் பிடிச்சிருக்கு. பிரிச்சு சுத்தி வெச்சா இசை நல்லாத்தான் இருக்கு, அந்த பயம் கொறையுது. அப்புறம் அதே 2009 மிக்ஸ்ல 'மூன்சைல்டு' பாட்டோட கடைசி இம்ப்ரொவைசேஷன வெட்டிட்டாங்க, 12 நிமிஷத்துக்கு மேல இருந்தது 9 நிமிஷம் ஆயிருச்சு. ஃப்ரிப்பே ஒத்துக்கிட்டுத்தான் வெட்டுனாங்க, இருந்தாலும் அந்த வெறும் வெளியில ரெண்டு மூணு வாத்தியம் ஒண்ண ஒண்ணு தேடிட்டு இருக்கறது எனக்கு அந்த ஆல்பத்துல ஒரு முக்கியமான இடம். புதுசா கேக்கறவங்களுக்கு அது குட்டிப் பாட்டுன்னே பதிஞ்சுரும்.

ஆல்பத்த முதல்ல கேக்கறவங்க மூல மிக்ஸ்லதான் கேக்கணும்னு நான் பிடிவாதமாவே சொல்லுவேன். நல்ல வேளையா கிரிம்சனுக்கு அதுவும் நல்ல நெலமையில கெடைக்குது. முதல் தலைமுறை ஸ்டீரியோ மாஸ்டர் ரொம்ப வருஷம் காணாம இருந்து அப்புறம் கெடைச்சு, 2004ல அதுல இருந்து ஒரு ரீமாஸ்டர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வந்த சிடிகளோட ஒப்பிட்டா பனி விலகுன மாதிரி. அதனால கோத்தகிரிக்காரருக்கு என் பதில், ஸ்டீரியோவ நல்லதா மாத்துங்க, மூல மிக்ஸும் சேந்து வர்ற டிஸ்க் வாங்குங்க.

இன்னொரு விஷயம், 2007, 2008ல நிக் டேவிஸ் பண்ணுன ஜெனிசிஸ் பெட்டிகள். அதுல 5.1 எனக்கே பிடிக்கும், 'செல்லிங் இங்லண்ட்' எல்லாம் நல்லா விரியுது. ஸ்டீரியோவ மட்டும் மெதுவான இடமும் சத்தமா கேக்கற மாதிரி ரொம்ப உரக்க அமுக்கி விட்டுட்டாங்க, ரெண்டு பாட்டு கேட்டா காது சோர்ந்து போகுது. ரீமிக்ஸ்னு பேர் இருந்தாலே நல்லதுன்னு போகாதீங்க.

குன்னூர்_சவுண்டு:

அண்ணா, 'எபிடாஃப்' பத்தி நீங்க எழுதுனது மனசுக்கு ரொம்ப பிடிச்சிருந்தது. ஆனா கேள்வி கேட்டவருக்கு ரூம் பத்தி யாரும் சொல்லல, நான் சவுண்டு வேலையில இருக்கறவங்கிறதால அத சொல்லிடறேன்.

முதல்ல லெவல். ரெண்டு வெர்ஷன ஒப்பிடும்போது ஒண்ணு ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லாயிருக்குன்னு காது சொல்லிரும், சத்தம் கூடுன மாதிரியே தெரியாது, 'உயிரோட்டமா இருக்கு'ன்னுதான் தோணும். வில்சன் மிக்ஸ் நெறைய டிஸ்க்ல மேல மாஸ்டரிங் எதுவும் பண்ணாம அப்படியே வெச்சிருப்பாங்க, அதனால சத்தம் கொறஞ்சே இருக்கும், உரக்க அமுக்குன பழைய ரீமாஸ்டரோட அதே வால்யூம்ல போட்டா புதுசு சப்புன்னு தெரியும். ஃபோன்ல ஒரு சவுண்டு மீட்டர் ஆப் போட்டு ஒரே இடத்துல உக்காந்து ரெண்டையும் சமம் பண்ணிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. 5.1க்கும் ஸ்டீரியோவுக்கும் இது இன்னும் முக்கியம், அஞ்சு ஸ்பீக்கர் சேந்து அடிக்கறப்ப மொத்த சத்தம் வேற கணக்கு.

ரெண்டாவது, உங்க ஃப்ரெண்டு வீட்டுல வேகம் பிரிஞ்சு போச்சுன்னு சொன்னீங்கல்ல, மிக்ஸ மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம ஊர்ல தியேட்டர்ல டிடிஎஸ் வந்த காலத்துல இருந்தே பின்னாடி ஸ்பீக்கர்னா எஃபெக்டுக்கு, சின்னதா இருந்தா போதும்னு ஒரு பழக்கம் ஆயிருச்சு, அசெம்பிள் பண்ணித் தர்ற செட்டுலயும் பின்னாடிக்கு கைக்குள்ள அடங்கற பெட்டிதான் குடுப்பாங்க. இந்த ப்ராக் மிக்ஸ்ல பின்னாடி முழு கிடாரும் முழு மெலட்ரானும் முழு குரலும் வரும். சின்னப் பெட்டியில அது மெலிஞ்சு வேற ஆள் குரல் மாதிரி கேக்கும், முன்னாடி இருக்கறதோட ஒட்டாது. அஞ்சும் ஒரே கம்பெனி ஒரே வரிசையா இருந்தா அந்த ஒட்டுதல் வந்துரும். இடமும் அப்படித்தான். முன்னாடி ரெண்டும் நடுக்கோட்டுல இருந்து 30 டிகிரி, பின்னாடி ரெண்டும் 100ல இருந்து 120 டிகிரிக்குள்ள, அதாவது நேர் பின்னாடி இல்ல, காதுக்குக் கொஞ்சம் பின்தள்ளி பக்கவாட்டுல. நெறைய வீட்டுல சோஃபாவ சுவரோட ஒட்டிப் போட்டு ஸ்பீக்கர தலைக்குப் பின்னாடி ஆணி அடிச்சு மாட்டிடறாங்க, அப்புறம் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சன் காதுக்குள்ள கத்தறாருன்னு சொல்லுவாங்க. சோஃபாவ மூணடி முன்னாடி இழுங்க.

மரத்தளம் பத்தி. நம்ம பங்களா வீடுகள்ல பலகைக்குக் கீழ காலி இடம் இருக்கும், பேஸ் வந்தா பலகையே கூட சேந்து அதிரும், யெஸ்ஸோட க்ரிஸ் ஸ்க்வயர் வாசிக்கற பேஸ் கிடார் எல்லாம் கூழாயிரும். சப்வூஃபருக்கு அடியில ஒரு கடப்பா கல்லு, கல்லுக்கு அடியில கனமான ரப்பர் போடுங்க, நெறைய மாறும். கண்ணாடி ஜன்னலுக்கு கனமான திரை போடுங்க, தரைக்கு கம்பளம். தகர ஷீட்டுக்கு மழை நாள்ல ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா மழையில்லாத ராத்திரி நம்ம மலையில இருக்கற அமைதி டவுன்ல லட்சம் ரூபா குடுத்தாலும் வராது. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' நடுவுல 'ஐ கெட் அப் ஐ கெட் டவுன்' பகுதி எவ்வளவு மெதுவா தொடங்கும், அதுல இருந்து அந்த ஆர்கன் வெடிக்கிற வரைக்கும் உள்ள ஏத்தத்த முழுசா கேக்க அந்த அமைதி வேணும்.

கூடலூர்_டீக்கடை:

அக்கா சொன்ன அத்தனையும் பண்ண எடமும் இல்ல காசும் இல்லாத எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். எங்க ஊர்ல ஆனி ஆடி ரெண்டு மாசமும் வெளிய மழை, உள்ள கரண்டு வரும் போகும், ஸ்பீக்கர்ல கேக்கறதுக்கு வழியே கெடையாது, ஹெட்ஃபோன்தான். 2021ல இருந்து ஆப்பிள் மியூசிக்ல அட்மாஸ் வருது, அதுலதான் நான் இந்த ஆல்பங்கள கேக்கறேன். நேர்மையா சொல்றேன், ஹெட்ஃபோன்ல அட்மாஸ் எனக்கு சில ஆல்பத்துல மட்டும்தான் ஒத்து வருது. அது சுத்தி இருக்கற பல ஸ்பீக்கர ரெண்டு காதுக்குள்ள கணக்குப் போட்டு காட்டறது, அந்தக் கணக்குல ட்ரம்ஸ்ல இருந்து கொஞ்சம் அடி போயிருது, குரல் கொஞ்சம் தள்ளிப் போயிருது. ஸ்ட்ரீமிங்ல வர்ற அட்மாஸ் 768 கிலோபிட் சுருக்கத்துல வர்றது, ப்ளூரேயில அப்படி தரம் போகாம முழுசா வரும், ஆக அத வெச்சு அந்த மிக்ஸயே எடை போட்டுராதீங்க. ஹெட்ஃபோன் மட்டும் இருக்கறவங்க வில்சனோட ஸ்டீரியோ மிக்ஸ லாஸ்லெஸ்ல (தரம் கொறையாத ஃபைல்ல) கேளுங்க, அதுவே போதும்.

ஆனா ஒரே ஒரு ஆல்பத்துக்காக நான் சரவுண்டுக்கு ஏங்கறேன், ஜென்டில் ஜயன்ட்டோட 'ஃப்ரீ ஹேண்டு'. 1975 ஆல்பம், வில்சன் 2021ல பண்ணாரு. அதுல 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்' பாட்டு, நாலு குரலு ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே மெட்ட துரத்திட்டு வரும், ஸ்டீரியோவுல நாலும் மோதிக்கும், எது எங்க போகுதுன்னு பிடிக்க பத்துத் தடவ கேக்கணும். கோயம்புத்தூர்ல ஒரு அண்ணன் ரூம்ல 5.1ல கேட்டேன், நாலு குரலும் தனித்தனியா நின்னு பாடுது, மெட்டு கையிலிருந்து கைக்கு மாறுறது கண்ணுக்கே தெரியற மாதிரி. இப்படி எழுதுன இசைக்கு ரெண்டு ஸ்பீக்கர் பத்தாதுங்க. ஊட்டி அண்ணன் சொல்ற அந்த மெலட்ரான் சுவரு வேற, இது வேற. அது சேந்து நிக்கணும், இது பிரிஞ்சு நிக்கணும்.

வட்டக்கானல்_வாசி:

கூடலூர் தம்பி, இதத்தான் நான் அவ்வளவு நீளமா எழுதியும் சொல்லாம விட்டேன். ஜென்டில் ஜயன்ட்டு, டல்லோட 'திக் ஆஸ் எ ப்ரிக்', யெஸ் மாதிரி நாலஞ்சு வரி ஒரே நேரத்துல ஓடற இசைக்கு சரவுண்டு இடம் குடுக்குது. கிரிம்சன் 'ரெட்' மாதிரி மூணு பேரு ஒரே பாறையா மோதற இசைக்கு நான் ஸ்டீரியோவுக்குத்தான் போவேன். ஊட்டி நண்பர் வெட்டுனதப் பத்தி சொன்னதும் நியாயம், 'மூன்சைல்டு' முழுசாத்தான் கேக்கணும். ஆனா முதல்ல மூல மிக்ஸ்தான் கேக்கணும்ங்கிறத நான் ஏத்துக்கல. கிரிம்சனோட 'லிஸர்ட்' ஆல்பத்த எத்தன பேரு இத்தன வருஷமா புரியாத சந்தடின்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, 2009ல வில்சன் பிரிச்சுக் காட்டுனதுக்கு அப்புறம்தான் அதுக்குள்ள இவ்வளவு இருக்குன்னு திரும்பி வந்து கேட்டாங்க.

ஊட்டி_பாட்டரி:

'லிஸர்ட்' விஷயத்துல மறுத்துப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா. அத மட்டும் விட்டுத் தரேன்.

கோத்தகிரி_சாரல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. படிச்சதுக்கப்புறம் ரெண்டுமே வேணும்னு தோணுது, ஆனா அஞ்சு நல்ல ஸ்பீக்கருக்கு காசு இல்ல. இருக்கற ஸ்டீரியோ ஆம்பயும் ஸ்பீக்கரயும் விக்கவும் மனசு வரல. குன்னூர் அக்கா, நடுவழி ஏதாவது இருக்குங்களா? அப்புறம் எந்த ப்ளேயர் வாங்கறது, ஒருத்தர் எஸ்ஏசிடிங்கறாரு ஒருத்தர் டிவிடி ஆடியோங்கறாரு.

குன்னூர்_சவுண்டு:

இருக்குங்க, நெறைய பேரு யோசிக்காத வழி. 5.1 வேண்டாம், நாலு ஸ்பீக்கரோட ஆரம்பிங்க. உங்க ஸ்பீக்கர் என்ன மாடலோ அதே மாடல்ல இன்னொரு ஜோடி, செகண்டு ஹேண்டா கெடைச்சாலும் பரவால்ல, பின்னாடி போடுங்க. ப்ரீ அவுட் (வேற ஆம்புக்கு சிக்னல் குடுக்கற சாக்கெட்டு) இருக்கற ரிசீவரா பாத்து வாங்குனா முன்னாடி ஜோடிய உங்க பழைய ஆம்பே ஓட்டிக்கும், பின்னாடிய ரிசீவர் ஓட்டிக்கும், ஸ்டீரியோ மட்டும் கேக்கறப்ப ரிசீவர தொடவே வேண்டாம். ஆம்ப்ல வால்யூம ஒரு இடத்துல குறி வெச்சுக்கங்க, சரவுண்டு கேக்கறப்ப எப்பவும் அங்கயே நிக்கணும், ஏத்தறது இறக்கறது ரிசீவர்ல. செட்டிங்ஸ்ல சென்டர் இல்ல, சப்வூஃபர் இல்லன்னு குடுத்துட்டா சென்டர்ல வர்றத ரிசீவர் முன்னாடி ரெண்டுக்கும் சமமா பிரிச்சுக் குடுத்துரும், நீங்க நடுவுல உக்காந்தா குரல் நடுவுலயே நிக்கும். சப்வூஃபர் சேனல்ல வர்றது முன்னாடிக்குப் போகுதா, இல்ல அப்படியே விட்டுருதான்னு ரிசீவருக்கு ரிசீவர் மாறும், மேனுவல்ல பாத்துக்கங்க. வட்டக்கானல் ஐயாவுக்குப் பிடிச்ச பார்சன்ஸ் குவாட் மிக்ஸே நாலு சேனல்தான், அதுக்கு இதவிட பொருத்தமான செட்டப் கெடையாது. மெதுவா காசு சேந்தா சப் வாங்கிக்கலாம், சென்டர கடைசியா பாத்துக்கலாம்.

ப்ளேயர். ஃப்ளாய்டு 2003, ஐரோப்பாவுல வந்த ஜெனிசிஸ் பெட்டி ரெண்டும் எஸ்ஏசிடி, சாதா ப்ளூரே ப்ளேயர்ல அதோட சரவுண்டு வராது, எஸ்ஏசிடி ஓடும்னு போட்டிருக்கணும், வயரும் ஹெச்டிஎம்ஐயா இருக்கணும், ஆப்டிகல்ல எஸ்ஏசிடி போகவே போகாது. கிரிம்சன், யெஸ் டிஸ்க்ல டிவிடி ஆடியோ வர்றதுல முழுத் தரம் எம்எல்பிங்கற ஃபார்மட்ல இருக்கும், அதுக்கு டிவிடி ஆடியோ ப்ளேயர் வேணும், ஆனா அதே டிஸ்க்ல டிடிஎஸ் ட்ராக்கும் இருக்கறதால சாதா டிவிடி ப்ளேயர்லயே சரவுண்டு வந்துரும். எல்லாத்துக்கும் பேர்போன ஓப்போ 2018ல ப்ளேயர் பண்றதயே நிறுத்திட்டாங்க, பழசு இப்ப அநியாய வெலை. சோனி யுபிபி எக்ஸ்800 இந்த மூணு வகையும் ஓட்டும், அது போதும்.

'க்ளோஸ் டு தி எட்ஜ்' ப்ளூரேயவே முதல்ல வாங்குங்க. அந்த ஒரே டிஸ்க்ல வில்சனோட 5.1, புது ஸ்டீரியோ, 1972 மூல மிக்ஸ் கைவெக்காத ட்ரான்ஸ்ஃபரா, முதல் பிரிட்டிஷ் எல்பியில இருந்து எடுத்தது எல்லாமே இருக்கு, லெவல் சமம் பண்ணிட்டு ஒரே சாயங்காலம் வரிசையா கேட்டா உங்க கேள்விக்கு உங்க காதே பதில் சொல்லும். டிஸ்க் வந்ததும் அலமாரியில சிலிக்கா ஜெல் பொட்டலம் போட மறந்துராதீங்க, நம்ம மலையில ரெண்டு மழைக்காலம் தாண்டுனா அட்டையெல்லாம் பூஞ்சை பிடிச்சுரும். ஸ்பீக்கர் மாடல் என்னன்னு இங்கயே போடுங்க, ஜோடி கெடைக்குதான்னு நானும் விசாரிக்கறேன்.